இசுமோ நாட்டின் தொன்மையும் உணவும்

ஒரு நாட்டின் பழமையை அறிய விழைவோர் நூல்களை ஆராய்வர், கல்வெட்டுக்களைப் படிப்பர், மண்ணை அகழ்ந்து பார்ப்பர். அந்நாட்டு மக்கள் நாடோறும் உண்ணும் உணவினையும் ஒரு சான்றாகக் கொள்வோர் மிகச் சிலரே. முதியோர் வாய்மொழியாகக் கூறிவரும் செய்திகளைக் கட்டுக்கதையென்று ஒதுக்கிவிடுதலும் கற்றோரிடத்துக் காணப்படும் ஒரு வழக்கமாகும். இவ்விரு சான்றுகளும் புறக்கணிக்கத்தக்கன அல்ல என்பதைத் தெளிவுறக் காட்டவல்லது, யப்பானின் மேற்குப் பகுதியிலுள்ள இசுமோ என்னும் நாட்டுப்புறம். அங்கே ஏடும் மண்வெட்டியும் உலைப்பானையும் ஒன்றற்கொன்று துணையாக நின்று பழமையைப் பேசுகின்றன. அவ்வுண்மையை இயன்றவரை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாடும் நூலும்

யப்பானியத் தீவுகளுட் பெரியதாகிய ஹொன்சூவின் மேற்கிலே, யப்பான் கடலை நோக்கியிருப்பது சிமனே மாகாணம். அதன் கிழக்குப் பாகமே பண்டை இசுமோ நாடு. தெற்கே மலைத்தொடரும் வடக்கே ஒடுங்கிய ஒரு குடாநாடும் அதற்கு எல்லைகளாக உள்ளன. இரண்டிற்கும் இடையே ஒரு சமவெளியும், சின்ஜி, நாக்காவுமி என்னும் இரண்டு ஏரிகளும் அமைந்திருக்கின்றன. தென்மலையிற் பிறக்கும் ஹீ ஆறு சமவெளியூடாகப் பாய்ந்து சின்ஜி ஏரியிற் கலக்கின்றது.

கி. பி. 713ஆம் ஆண்டில் யப்பானிய அரசு தன் நாடுகள் அனைத்துக்கும் ஒரு கட்டளை அனுப்பிற்று. ஊர்ப்பெயர்கள் தோன்றிய வரலாறு, நிலத்தின் வளம், விளைபொருள்கள், முதியோர் கூறும் பழங்கதைகள் ஆகியவற்றைத் தொகுத்து அனுப்புக என்பதே அக்கட்டளை. அவ்வாறு எழுந்த நூல்கள் ‘ஃபூதொக்கி’ எனப்படும். இன்று ஓரளவேனும் எஞ்சியுள்ளவை ஐந்து நாடுகளின் நூல்களே. அவற்றுள் ஏறக்குறைய முழுமையாகக் கிடைப்பது கி. பி. 733இல் முடிவுற்ற இசுமோ நாட்டு நூல் ஒன்றேயாம். அதிலே மலைகள், ஆறுகள், கோயில்கள், ஊர்களுக்கிடையேயுள்ள தூரங்கள் ஆகியவற்றோடு, எக்கடலில் எம்மீன் அகப்படும், எம்மலையில் எம்மூலிகை வளரும், எக்கரையில் எவ்வகைக் கடற்பாசி கிடைக்கும் என்பனவும் நிரல்படக் கூறப்பட்டுள்ளன. தெய்வங்களையும் உணவுப் பொருள்களையும் ஒரே நூலில் அடுத்தடுத்து வைத்தெழுதிய அப்பழம் புலவர் இரண்டையும் நாட்டு வரலாற்றின் உறுப்புக்களாகவே கருதினர் என்பது இதனாற் போதரும்.

இந்நூலுக்குச் சிறிது முந்தியது, 712இல் எழுந்த ‘கோஜிக்கி’ என்னும் பழங்கதைத் தொகுப்பு. அதிற் கூறப்படும் தெய்வக் கதைகளுட் பல இசுமோவிலே நிகழ்கின்றன. ஓகுனிநுசி என்னும் தெய்வம் நாட்டை உருவாக்கிப் பின்னர் அதனை வானுலகத் தெய்வத்தின் வழித்தோன்றலுக்கு விட்டுக்கொடுத்ததென்றும், அதற்குக் கைம்மாறாகத் தனக்குப் பெரியதொரு மாளிகை வேண்டுமெனக் கேட்டதென்றும் அந்நூல் கூறும். எனினும், அத்துணைச் சிறப்பிற்கேற்ற பழம்பொருள் எதுவும் இசுமோவில் நெடுங்காலம் அகப்படவில்லை. ஆதலின் இருபதாம் நூற்றாண்டு அறிஞர் பலர் ‘கதையிற் பெரிய இசுமோ, மெய்யிற் சிறியது’ என எண்ணினர்.

மண் தந்த சான்று

அவ்வெண்ணத்தை மாற்றியது கமத்தேவைக்கென வெட்ட எண்ணிய ஒரு வீதி. அவ்வீதி செல்லவிருந்த வழியிலே பழம்பொருள் உளதோவென 1983ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோது, கோஜின்தானி என்னும் சிறு பள்ளத்தாக்கின் வயல்வரம்பில் மட்பாண்டத் துண்டொன்று அகப்பட்டது. அதனைத் துணையாகக் கொண்டு 1984இல் அவ்விடத்தை அகழ்ந்தனர். மலைச்சரிவிலே 358 வெண்கல வாட்கள் நான்கு வரிசையாக அடுக்கப்பட்டபடியே இருந்தன. அதுவரை யப்பான் முழுவதிலும் கிடைத்த அவ்வகை வாட்களின் தொகை ஏறக்குறைய 300 மாத்திரமே. ஒரு நாட்டின் நெடுங்காலத் தேட்டத்தை ஒரு மலைச்சரிவு ஒருநாளிலே விஞ்சிவிட்டது. அடுத்த ஆண்டில், அவ்விடத்துக்கு அண்மையிலேயே 6 வெண்கல மணிகளும் 16 வெண்கல ஈட்டிமுனைகளும் வெளிப்பட்டன.

பின்னர் 1996இல், அங்கிருந்து மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரத்திலுள்ள காமோ இவாகுரா என்னுமிடத்தில், மீண்டும் கமத்தேவைக்கான வீதி வேலையின்போதே, 39 வெண்கல மணிகள் அகப்பட்டன. பெரிய மணியினுள்ளே சிறிய மணியை இட்டு அவை புதைக்கப்பட்டிருந்தன. ‘தோத்தாக்கு’ எனப்படும் இம்மணிகளும் மேற்கூறிய வாட்களும் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட யாயோய் காலத்தன. கோஜின்தானி வாட்களுள் 344இன் அடிப்பாகத்திற் பெருக்கற்குறி போன்ற கீறலொன்று காணப்படுகின்றது. அதே குறி காமோ இவாகுரா மணிகளுள் பதினான்கிலும் உளது. ஆதலின் இவ்விரு புதையல்களும் ஒருவரையொருவர் அறிந்த மக்களால் இடப்பட்டன எனக் கொள்ளுதல் பொருந்தும். அக்குறியின் பொருள் யாதென்பதும், இத்துணைச் செல்வத்தை அவர் மண்ணில் இட்டதேன் என்பதும் இன்னும் ஆராய்ச்சிக்குரியன.

ஈண்டு மாணவர் ஊன்றி நோக்கற்பாலதொரு செய்தி உண்டு. காமோ இவாகுராவிற்கு அயலிலுள்ள ஊரொன்றைப் பற்றி 733ஆம் ஆண்டு நூல் ஒரு பழங்கதை கூறுகின்றது. நாட்டை உருவாக்கிய பெருந்தெய்வம் தன் செல்வங்களைக் குவித்து வைத்த இடம் அதுவென்றும், ‘தெய்வச் செல்வம்’ எனப் பொருள்படும் அதன் பெயரே மருவி வழங்குகின்றதென்றும் முதியோர் சொல்வர் என்பது அக்கதை. அந்நூல் எழுந்து ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிய பின்னர் அயலிலே செல்வக் குவியல் வெளிப்பட்டது. கதைக்கும் புதையலுக்கும் தொடர்புண்டென அறுதியிட்டுக் கூறுதற்கில்லை. ஆயினும் ஊர்ப்பெயர்க் கதையைக் கேட்டுச் சிரிப்போர் இனிச் சற்றுத் தயங்குவர் என்பது திண்ணம்.

வானளாவிய கோயில்

கதையின் பெருமாளிகை என்று போற்றப்படுவது ஓகுனிநுசி எழுந்தருளியிருக்கும் இசுமோப் பெருங்கோயில். இன்றுள்ள மூலக்கோயில் 1744ஆம் ஆண்டிற் கட்டப்பட்டது. அதன் உயரம் 24 மீற்றர். முற்காலத்தில் அது 48 மீற்றர் உயர்ந்து நின்றதென்பது கோயில் மரபு. 970ஆம் ஆண்டில் உயர்குடிச் சிறுவர்க்கென எழுதப்பட்ட ‘குச்சிசுசாமி’ என்னும் பாடநூல் நாட்டின் பெருங்கட்டடங்கள் மூன்றனையும் உடன்பிறந்தார் மூவராக உருவகித்துக் கூறும். இசுமோக் கோயில் மூத்தவன். நாராவிலுள்ள பெரிய புத்தர் மண்டபம் நடுவிலவன். கியோத்தோ அரசமண்டபம் இளையவன். அக்காலத்துப் புத்தர் மண்டபத்தின் உயரம் ஏறக்குறைய 45 மீற்றர் என்பதை நோக்குமிடத்து, கோயில் மரபும் பாடநூலும் தம்முள் ஒத்திருத்தல் காணலாம். கோயிற் குருமார் குடும்பத்திலே பேணப்பட்டுவந்த பழைய வரைபடமொன்று, மூன்று மரங்களை இரும்புப் பட்டங்களாற் பிணைத்து ஒவ்வொரு தூணும் அமைக்கப்பட்டதாகக் காட்டிற்று. மரத்தினால் அவ்வளவு உயரத்திற் கட்டுதல் இயலாது என்றும், வரைபடம் கற்பனையே என்றும் பலர் கருதினர்.

2000ஆம் ஆண்டிலே கோயில் வளாகத்தில் நிலத்தடி வேலையொன்றின் பொருட்டு மண்ணை அகழ்ந்தபோது, நிலத்தடி நீரினால் அழியாது காக்கப்பட்ட தூணடி ஒன்று வெளிப்பட்டது. வரைபடத்திற் கண்டவாறே மூன்று தேவதாரு மரங்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு மரமும் ஒரு மீற்றருக்கு மேற்பட்ட குறுக்களவுடையது. மூன்றுஞ் சேர்ந்த தூணின் குறுக்களவு ஏறக்குறைய 3 மீற்றர். அடுத்த ஆண்டளவில் அத்தகைய தூணடிகள் மூன்று வெளிவந்தன. அவை 1248ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட கோயிலுக்குரியன என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. தூணின் பருமன் இதனால் உறுதிப்பட்டதேயன்றிக் கோயிலின் உயரம் உறுதிப்படவில்லை என்பதையும் மறத்தலாகாது. உயரத்தைப் பற்றி அறிஞரிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வரைபடம் கற்பனை என்னும் கூற்று அன்றே வீழ்ந்தது. கோயிலுக்கு அயலில் 2007இல் திறக்கப்பட்ட அரும்பொருட்சாலையிலே இத்தூணடிகளுள் ஒன்றனையும், வாட்களையும், மணிகளையும் ஒருங்கே காணலாம்.

அடுக்களைத் தெய்வம்

இக்கோயிற் றெய்வத்தின் வரலாற்றிலே சைவ மக்களுக்கு உவகை தரும் செய்தியொன்று உண்டு. சிவபெருமானின் வடிவங்களுள் ஒன்றாகிய மகாகாளம் பௌத்தராலும் ஏற்றுப் போற்றப்பட்டது. 671ஆம் ஆண்டிற் சீனத்திலிருந்து புறப்பட்டு இந்தியாவுக்குச் சென்ற இத்சிங் என்னும் துறவி, அங்குள்ள பௌத்தப் பள்ளிகளின் அடுக்களைத் தூணருகே கையிற் பையுடன் அமர்ந்த மகாகாளனின் மரவுருவம் இருத்தலையும், எண்ணெய் பூசப்பட்டு அது கறுத்திருத்தலையும், உண்ணுங் காலத்து அதற்கு உணவு படைத்தலையும் எழுதிவைத்துள்ளார். சீனத்தின் வழியே யப்பானை அடைந்த அத்தெய்வம் ‘பெருங்கருமை’ எனப் பொருள்படும் ‘தைக்கோக்கு’ என்னும் பெயரைப் பெற்று, அங்கும் மடங்களின் அடுக்களையையே காத்து நின்றது. ஓகுனி என்னும் பெயரை எழுதும் சீன எழுத்துக்களையும் ‘தைக்கோக்கு’ எனப் படிக்கலாம். ஓகுனிநுசியும் தன் தமையன்மாரின் பொதியைத் தோளிற் சுமந்ததாகக் கதை கூறும். ஒலியாலும் பையாலும் ஒத்த இருவரும் காலப்போக்கில் ஒருவராயினர். அரிசிப் பொதிகளின்மேல் நின்று நகைக்கும் முதியவராய் யப்பானிய இல்லங்களிற் காணப்படும் உருவத்தினுள்ளே நம் மாகாளரும் மறைந்திருக்கின்றார்.

பழைய சந்திரமான வழக்கின்படி பத்தாம் மாதத்தில் நாட்டிலுள்ள எல்லாத் தெய்வங்களும் இசுமோவிற் கூடுமென்பர். ஆதலால் அம்மாதம் பிறவிடங்களில் ‘தெய்வமில்லா மாதம்’ எனவும், இசுமோவில் மாத்திரம் ‘தெய்வமுள்ள மாதம்’ எனவும் வழங்கும். இனாசா என்னும் கடற்கரையில் இரவிலே தீ வளர்த்துத் தெய்வங்களை எதிர்கொள்வர். கூட்டம் நிகழும் நாட்களில் ஊரார் ஆடல் பாடல்களையும் கட்டட வேலைகளையும் விடுத்து அமைதி காத்தல் பழைய ஒழுக்கம்.

இவ்விழாவிற் பிறந்ததாகக் கூறப்படும் உணவு ‘சென்சாய்’. ‘அசுக்கி’ என்பது நம் பயற்றின் இனத்தைச் சேர்ந்த செந்நிறப் பயறு. அதனை நன்றாக அவித்துச் சர்க்கரை சேர்த்துக் கஞ்சிப் பதத்தில் எடுத்து, பசையுள்ள அரிசியை அவித்திடித்துச் செய்யும் ‘மோச்சி’ என்னும் உருண்டையை அதிலே இடுவர். விழாவிற் படைக்கப்பட்ட இவ்வுணவு ‘தெய்வம் உள்ளது’ எனப் பொருள்படும் ‘ஜின்சாய்’ என்னும் பெயருடையதாய் இருந்து, பின் சென்சாய் என மருவிற்று என்பது இசுமோவார் கொள்கை. எடோ காலத்து நூல்களும் இதனைக் குறிக்கின்றன. இன்று யப்பானெங்கும் உண்ணப்படும் ஒரு சிற்றுண்டியின் பெயரிலே ஒரு திருவிழா ஒளிந்திருக்கின்றது.

இரும்பும் உணவும்

இனித் தென்மலைக்குச் செல்வோம். அங்குள்ள ஓக்கு இசுமோப் பகுதியின் இரும்பு வன்மையுடையதென்றும் கருவிகள் செய்தற்கு ஏற்றதென்றும் 733ஆம் ஆண்டு நூலே கூறுகின்றது. பாறையிலிருந்து எடுக்கப்படும் இரும்புக்கல் அன்று அது. சிதைந்த கருங்கல் மண்ணிற் கலந்துள்ள இரும்பு மணல். ‘தத்தாரா’ எனப்படும் களிமண் உலையிலே இம்மணலையும் மரக்கரியையும் மாறிமாறி இட்டு, துருத்தியால் ஊதி, மூன்று பகலும் மூன்று இரவும் எரிப்பர். பின்னர் உலையை உடைத்தால் உள்ளே உருக்குப் பாளம் கிடக்கும். ஏறக்குறைய 10 தொன் மணலும் 12 தொன் கரியும் இட்டால் கிடைப்பது இரண்டரைத் தொன் பாளமே. அதனுள்ளும் வாள் செய்தற்கேற்ற உயர்ந்த உருக்குச் சிறுபகுதியேயாம். சுகாயா என்னுமிடத்தில் 1751 முதல் 1921 வரை இயங்கிய உலைக்கூடம் இன்றும் அழியாது நிற்கின்றது. மேனாட்டு முறையால் வழக்கொழிந்த இத்தொழில் வாள்வினைஞரின் தேவைக்காக 1977இல் ஓக்கு இசுமோவில் மீண்டும் தொடங்கப்பட்டது.

மணலைப் பெறுதற்கு மலையை வெட்டி நீரோடையில் இட்டனர். பாரமான இரும்பு மணல் அடியிற் றங்க, ஏனைய மண் ஹீ ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டது. அதனால் ஆற்றின் படுக்கை உயர்ந்து, தாழ்நிலத்தார் வெள்ளத்தால் வருந்தினர். ஆனால் அம்மண்ணே சமவெளியை விரிவாக்கி வயலும் தந்தது. எட்டுத் தலைப் பாம்பொன்றைச் சுசானோ என்னும் தெய்வம் மதுவால் மயக்கிக் கொன்று, அதன் வாலிலிருந்து வாளொன்றைப் பெற்ற கோஜிக்கிக் கதையும் இவ்வாற்றங்கரையிலேயே நிகழ்கின்றது. பாம்பு வெள்ளத்தையும் வாள் இரும்பையும் குறிக்குமென்பர் சிலர். மலையைப் பேரளவில் வெட்டிக் கழுவும் முறை அந்நூலுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டதாதலின், இவ்விளக்கத்தை எச்சரிக்கையோடே கொள்ளல் வேண்டும்.

இரும்புத் தொழில் மலையைச் சிதைத்து அவ்வளவில் நின்றிருப்பின் அந்நாடு பாழ்நிலமாகியிருக்கும். மக்கள் வெட்டிய இடங்களைப் படிப்படியாகத் திருத்தி வயல்களாக்கினர். மணலுக்கென வெட்டிய வாய்க்கால்களாலேயே அவற்றிற்கு நீர் பாய்ச்சினர். இரும்பும் கரியும் சுமந்த மாடுகளின் எருவை இட்டனர். நித்தா அரிசி என இன்று யப்பானிற் பெயர்பெற்ற நெல் விளைவது அவ்வயல்களிலேதான். கரிக்காக மரம் வெட்டிய சரிவுகளில் ‘சொபா’ விதைத்தனர். ஆங்கிலேயர் பக்வீட் என்னும் இம்முக்கோண மணி, கோதுமையினமோ நெல்லினமோ அன்று. வளங்குறைந்த மலைமண்ணிலும் குறுகிய காலத்தில் விளைவது.

சொபா மாவைப் பிசைந்து நூல்போல் அரிந்து அவித்து உண்பர். 1638இல் மத்சுதைரா நவோமசா என்னும் சிற்றரசர் சினானோ நாட்டிலிருந்து மற்சுயே நகருக்கு மாற்றப்பட்டபோது, உடன்வந்தோர் இக்கலையைக் கொணர்ந்தனர் என்பது மரபு. இசுமோவார் மணியை மேற்றோலுடனே அரைப்பதால் அவர்தம் சொபா கருநிறமும் மிகுந்த மணமும் உடையது. ‘வாரிகோ’ என்னும் வட்டமான அரக்குச் சிமிழ்கள் மூன்றை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிப் படைப்பர். பிறவிடங்களிற் சொபாவைச் சாற்றில் தோய்த்துண்பர்; இங்கே சாற்றைச் சொபாவின்மேல் வார்த்துக்கொள்வர். மேற்சிமிழை உண்டபின் எஞ்சிய சாற்றை அடுத்த சிமிழில் ஊற்றுவர். துளியும் வீணாகாத இவ்வொழுக்கம், எளிதில் விளையாத நிலத்தில் வாழ்ந்தோரின் ஒழுக்கமன்றோ!

ஏரியைக் காத்த மட்டி

மலையிலிருந்து இறங்கிச் சின்ஜி ஏரிக்கு வந்தால், நீண்ட கோலிற் கட்டிய கூடையால் மீனவர் ஏரியடியை வாருதலைக் காணலாம். அவர் எடுப்பது ‘சிஜிமி’ என்னும் கருநிறச் சிறு மட்டி. கடல்நீரும் ஆற்றுநீரும் கலந்த உவர்நீரிலேயே அது வாழும். அதனை இட்டுக் காய்ச்சும் சோயாவிழுதுச் சாறு இசுமோ இல்லங்களின் காலை உணவு. 1963இல் தொடங்கிய அரசாங்கத் திட்டமொன்று நாக்காவுமியின் ஒரு பகுதியை மேடாக்கி, இரு ஏரிகளையும் நன்னீராக்கிக் கமத்துக்குப் பயன்படுத்த எண்ணிற்று. நீர் நன்னீராயின் மட்டி அழியும். ஏரியும் கெடும் என்று மீனவரும் ஊராரும் எதிர்த்தனர். 1988இல் நன்னீர்த் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. 2002இல் முற்றாகக் கைவிடப்பட்டது. 2005இல் இரு ஏரிகளும் உலக முக்கியத்துவமுடைய ஈரநிலங்களாக ஏற்கப்பட்டன. காலைச் சாற்றின் சுவையை அறிந்த மக்கள் இல்லாதிருப்பின் அவ்வேரியின் பொருட்டு வாதாட யாவர் முன்வந்திருப்பர்?

முடிவுரை

இவ்வேரிக் கரையிலுள்ள மற்சுயேயில் 1890ஆம் ஆண்டில் ஆங்கில ஆசிரியராக வந்தவர் லவ்காடியோ ஹேர்ன். ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலமே அங்குப் பணிபுரிந்தார். அறிஞர் ஒதுக்கிய கிழவியர் கதைகளையும் ஊர்வழக்கங்களையும் அவர் செவிசாய்த்துக் கேட்டார். மற்சுயேயிற் பிறந்த தம் மனைவி சொல்லிய கதைகளை எழுதிவைத்தார். அந்நாட்டுப் பழமையை உலகம் அறிந்தமைக்கு அவ்வாசிரியரின் செவியும் ஒரு காரணமாகும்.

இன்றைய நிலை கவலை தருவது. சிமனே மாகாணத்தின் மக்கட்டொகை 1955இல் ஏறக்குறைய 9 இலட்சத்து 29 ஆயிரம். 2020இல் 6 இலட்சத்து 71 ஆயிரம். இளைஞர் பெருநகரங்களை நாடுகின்றனர், மலைவயல்கள் தரிசாகின்றன. ஓக்கு இசுமோவின் சிறுமணிச் சொபா, விளைவு மிகுந்த வெளியினங்கள் பரவியதால் ஏறக்குறைய மறைந்தேபோய், உள்ளூரார் முயற்சியாற் பின்னர் மீண்டும் பயிராயிற்று. வெண்கல வாள் ஈராயிரம் ஆண்டு மண்ணிற் கிடந்தும் அழியவில்லை. விதையோ சில ஆண்டுகள் விதையாதொழியின் அழிந்துவிடும். ஊர்ப்பெயர்க் கதையும் சமையல் முறையும் ஒரு தலைமுறை கேளாதொழியின் மறைந்துவிடும். அகழ்ந்தெடுக்க இயலாத அப்பழமையைக் காப்பது உயிரோடிருப்பார் கடன். மாணவர்காள்! அரும்பொருட்சாலைக்குச் செல்லுமுன், உங்கள் இல்லத்து முதியோரருகே சிறிது நேரம் அமர்ந்து, தாங்கள் இளமையில் உண்டது யாது, அதனை எக்காலத்தில் எதன்பொருட்டுச் சமைத்தனர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இசுமோ நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவேயாம்.